காலணாவும் கொசுறும்

புதுமண்டபம் என்று சொன்னால் மதுரையில் வளர்ந்த முதியவர்களுக்குத் திருமலை நாயக்கர் நினைவுக்கு வருவது இரண்டாவதாகத்தான். முதலில் நினைவுக்கு வருவது வாசனை. கஞ்சி போட்ட புதுத் துணியின் வாசனை, தாழம்பூக் குங்குமத்தின் வாசனை, புளியிட்டுத் துலக்கிய பித்தளையின் வாசனை, அச்சு மை மணக்கும் பெரிய எழுத்துப் புத்தகங்களின் வாசனை. இவை யாவும் கலந்து, வெளவால் நடமாடும் கருங்கல் மண்டபத்தின் குளிர்ச்சியோடு சேர்ந்து வரும் ஒரு மணம். கண்ணைக் கட்டி அழைத்துச் சென்று அங்கே நிறுத்தினாலும் இடம் இன்னதென்று சொல்லிவிடக் கூடியவர்கள் அந்தத் தலைமுறையினர்.

பெயரளவில்தான் அது புதியது. மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் எழுப்பிய வசந்த மண்டபம் அது. வைகாசி வெயிலில் அம்மையும் அப்பனும் வந்து இளைப்பாறுவதற்காகக் கட்டப்பட்டது. சுற்றிலும் அகழி போன்ற பள்ளம் அமைத்து நீர் நிரப்பி மண்டபத்தைக் குளிர்வித்தார்கள் என்பது மதுரையில் வழிவழியாகச் சொல்லப்படுவது. இறைவன் வந்து தங்குவது ஆண்டில் சில நாள்களே. மற்ற நாள்களில் அங்கே குடியிருந்தவர்கள் வணிகர்கள். ஒவ்வொரு தூணின் அடியிலும் ஒரு கடை. தூண்களிலுள்ள தெய்வத் திருவுருவங்களின் காலடியில் வளையல் அட்டைகள். மன்னர் சிலைகளின் இடுப்பு வரை பாத்திர அடுக்கு. பாவாடைத் துணிக் கட்டுகளுக்கு மேலே நாயக்கர் ஒருவரின் கூப்பிய கைகள் மட்டும் தெரியும். அவர் ஏன் கடைக்காரருக்குக் கும்பிடு போடுகிறார் என்று கேட்ட குழந்தைகள் உண்டு.

அந்தக் குழந்தைகளின் கோயில் பயணத்திற்கு ஒரு விதி இருந்தது. முதலில் சாமி, பிறகுதான் கடை. அட்டசக்தி மண்டபத்தின் வழியே நுழையும்போதே குழந்தையின் கண் பின்னோக்கித் திரும்பியிருக்கும். பாட்டியின் கை அதைத் திருப்பி நேரே நிறுத்தும். பொற்றாமரைக் குளத்தில் கால் நனைத்து, அம்மனைத் தரிசித்து, கிளிக்கூட்டு மண்டபத்துக் கிளி பேசுமா என்று காத்திருந்து, முக்குறுணிப் பிள்ளையாரின் வயிற்றை அண்ணாந்து பார்த்து, சுவாமி சந்நிதியும் முடித்துத் திரும்புவதற்குள் அந்தப் பிஞ்சு நெஞ்சு எத்தனை முறை புதுமண்டபத்துக்கு ஓடித் திரும்பியிருக்கும் என்பதை அம்மனே அறிவாள். பக்தி அங்கே குறைவுபட்டது என்று சொல்வதற்கில்லை. சாமி பார்த்தால் மிட்டாய் கிடைக்கும் என்பதுதான் பல குழந்தைகள் கற்ற முதல் வேதாந்தம். அதிலிருந்து தொடங்கிப் பெரும் பக்தர்களாக ஆனவர்கள் இந்த இதழின் வாசகர்களிலேயே இருப்பார்கள்.

புறப்படும் முன்பே பாட்டி சுருக்குப்பையைத் திறந்து இரண்டு காசு கொடுப்பது வழக்கம். ஒன்று உண்டியலுக்கு, ஒன்று கடைக்கு. இரண்டும் காலணாவாகவே இருக்கும். 1943 முதல் 1947 வரை அடிக்கப்பட்ட, நடுவில் துளையிட்ட ஓட்டைக் காலணா பிறகும் பல ஆண்டுகள் கைமாறிக்கொண்டிருந்தது. அதைச் சுண்டுவிரலில் மோதிரமாக மாட்டிக்கொண்டு கோயில் முழுவதும் நடந்த சிறுமிகள் உண்டு. உண்டியலுக்குரிய காசு எது, கடைக்குரியது எது என்பதில் ஐயம் வந்தால் புதிதாகப் பளபளப்பது சாமிக்கு, தேய்ந்தது கடைக்கு என்று பாட்டி தீர்ப்புச் சொல்வாள். வழியில் ஒரு காசு தவறி விழுந்துவிட்டால், விழுந்தது கடைக்காசுதான் என்பதிலும் அவளுக்கு ஐயம் இருந்ததில்லை.

காலணாவுக்கு என்ன கிடைத்தது? வெல்லமும் தேங்காயும் சேர்த்துப் பாகு முறுகக் காய்ச்சி உருட்டிய கமர்கட்டு கிடைத்தது. பல்லுக்கும் அதற்கும் நடக்கும் போராட்டத்தில் அரைமணி நேரம் கழியும்; வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை வாய் பேசாது என்பது பெரியவர்களுக்குக் கூடுதல் இலாபம். பொரியும் உடைத்த கடலையும் கலந்து காகிதக் கூம்பில் கிடைத்தது. எள்ளுருண்டை, தேன்மிட்டாய், கண்ணாடிச் சாடிக்குள் செம்மஞ்சளாய் மின்னும் ஆரஞ்சுச் சுளை மிட்டாய், காலத்திற்கேற்ப இலந்தைப்பழம், கொடுக்காய்ப்புளி, நாவற்பழம். நாவற்பழம் தின்றவன் இல்லை என்று பொய் சொல்ல முடியாது, நாக்கே காட்டிக்கொடுத்துவிடும். இன்னும் கொஞ்சம் காசு உள்ள நாளில் கருப்பட்டி மணக்கும் சீரணி மிட்டாய் அல்லது ஓலைக் கொட்டானில் காரச்சேவு. சுக்கும் ஏலமும் மணக்கும் பருத்திப்பாலுக்குப் பெரியவர்களின் துணை வேண்டும், தம்ளர் சுடும்.

எல்லாவற்றுக்கும் மேலானவர் ஜவ்வுமிட்டாய்க்காரர். நெடிய மூங்கில் கழியின் உச்சியில் பாவாடை கட்டிய ஒரு பொம்மை. கழியில் சுற்றிய இளஞ்சிவப்பும் வெள்ளையுமான மிட்டாய்ப் பாகு. கீழே கயிற்றை இழுத்தால் மேலே பொம்மை கைதட்டும். "தாயி, கையை நீட்டு, என்ன வேணும்? கைக்கடிகாரமா, மோதிரமா?" என்று கேட்டுப் பாகை இழுத்து, முறுக்கி, நொடிக்குள் மணிக்கட்டில் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிடுவார். தேள் கேட்டால் தேள். மயில் கேட்டால் மயில். கட்டிய கடிகாரத்தைத் தின்பதா, பள்ளித் தோழிக்குக் காட்டும்வரை வைத்திருப்பதா என்ற தவிப்பில் அது மணிக்கட்டிலேயே உருகி ஒழுகும். அதுவல்ல முக்கியம். கடிகாரத்தைக் கட்டி முடித்துக் காசை வாங்கியபின், கழியிலிருந்து இன்னும் ஒரு துளி கிள்ளி, குழந்தையின் கன்னத்தில் பொட்டாக ஒட்டிவிட்டுப் போவார். அதற்குக் காசு இல்லை. அதுதான் கொசுறு.

பழைய கடைவீதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் விலையைச் சொல்லியே பெருமூச்சு விடுகிறார்கள். காலணாவுக்கு அது, அரையணாவுக்கு இது என்று பட்டியல் நீள்கிறது. கேட்கும் பேரப்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். அந்தப் பட்டியல் உண்மையே. ஆயினும் நெஞ்சில் தங்கியது விலையன்று, கொசுறுதான் என்பதைச் சற்று நின்று யோசித்தால் அவர்களே ஒப்புக்கொள்வார்கள். கீரைக்காரி கடைசியில் போடும் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. முழம் போட்டு அளந்த பின்னும் பூக்காரி விரல் நகர்த்தி விட்டுத்தரும் நான்கு பூ. பொரிக்கடைக்காரர் கூம்பை மடிக்கும் முன் மேலே தூவும் ஒரு பிடிக் கடலை. ஆழாக்கையும் உழக்கையும் தலைதட்டி அளப்பவர், குவித்து அளப்பவர் என்று கடைக்காரர்களை இரண்டு சாதியாகவே பெண்கள் பிரித்து வைத்திருந்தார்கள். தலைதட்டுபவரிடம் விலை குறைவாக இருந்தாலும் போகமாட்டார்கள்.

கொசுறு கொடுத்தவர் வாங்க வந்தவரை அறிந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். "போன பூரத்துக்கு வந்தப்போ இந்தப் புள்ளைக்குப் பல்லு விழுந்திருந்ததே, முளைச்சிருச்சா?" என்று கேட்ட வளையல்காரர், அந்தச் சிறுமியின் கைகூப்பிய விரல்களை ஒன்றாகக் குவித்துப் பிடித்து வளையல் ஏற்றுவார். பின்னாளில் அவளுடைய வளைகாப்புக்கும் அதே கடையில்தான் வளையல் வாங்கப்படும். அளவு சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கை அவர் கைக்குத் தெரிந்த கை.

1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், குழந்தைகளின் இந்தச் சிறு பொருளாதாரத்தில் ஒரு கலகம் நேர்ந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா, அறுபத்துநான்கு காலணா என்றிருந்த கணக்குப் போய், ரூபாய்க்கு நூறு நயா பைசா வந்தது. ஓரணாவுக்கு நேர் மதிப்பு ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் இல்லையாதலால் ஓரணாவை ஆறாகவும், அரையணாவை மூன்றாகவும், காலணாவை இரண்டாகவும் முழுமையாக்கி மாற்றிக்கொண்டார்கள். பெரியவர்கள் இதைச் சலிப்போடு மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது, சிறுவர்கள் இதற்குள் ஒளிந்திருந்த சூழ்ச்சியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். காலணா மிட்டாயை நான்கு முறை தனித்தனியே வாங்கினால் எட்டு நயா பைசா. நான்கு பேர் கூடி ஒரே முறையில் ஓரணாவுக்கு வாங்கினால் ஆறு. கூட்டாகச் சேர்ந்து வாங்கும் பழக்கம் பல தெருக்களில் இப்படித்தான் பிறந்தது. பழைய காசும் புதிய காசும் சில ஆண்டுகள் சேர்ந்தே புழங்கியதால், எந்தக் காசை எந்தக் கடையில் கொடுப்பது ஆதாயம் என்பதில் ஒவ்வொரு தெருவிலும் ஒரு நிபுணன் இருந்தான். அவனுக்கு வயது பத்துக்குள்தான் இருக்கும்.

1964 ஜூனில் 'நயா' என்ற அடைமொழி உதிர்ந்து வெறும் பைசாவாயிற்று. அதையடுத்து அலுமினிய மூன்று பைசா வந்தது. காற்றடித்தால் பறந்துவிடும் என்று பாட்டிமார்கள் அதை மதிக்கவே இல்லை. 1968இல் வந்த பொன்னிற இருபது பைசாவின் கதை வேறு. ஒருபுறம் தாமரை மலர். தாமரை இருக்கும் இடத்தில் திருமகள் இருப்பாள் அன்றோ? அந்த நாணயம் கைக்கு வந்தால் செலவழிக்காமல் மஞ்சள் துணியில் முடிந்து வைத்த குடும்பங்கள் பல. நூற்றெட்டு சேர்ந்ததும் வெள்ளிக்கிழமைகளில் ஒவ்வொன்றாக எடுத்துவைத்து இலட்சுமிக்கு அருச்சனை செய்தார்கள். கடைக்காகக் கொடுத்த காசு பூசைக்குப் போய்ச் சேர்ந்தது. பேரனுக்குத்தான் ஒரு குச்சி ஐஸ் நட்டம். 2011 ஜூன் இறுதியோடு இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் செல்லாதவை ஆயின. அந்த மஞ்சள் முடிச்சுகள் மட்டும் இன்னும் பல பூசை அறைகளில் செல்லுபடியாகின்றன.

விலை குறைவாயிருந்த காலம் என்பதால் அது நிறைவான காலம் என்று எண்ணிவிடலாகாது. மாதம் அறுபது எழுபது ரூபாயில் குடும்பம் நடத்திய ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் அந்நாளில் ஏராளம். அறுபது ரூபாயை முப்பதால் வகுத்தால் நாளுக்கு இரண்டு ரூபாய். எட்டுப் பேர் உள்ள வீட்டில் தலைக்கு நாலணா. வாடகை, அரிசி, எண்ணெய், பள்ளிக்கூடச் செலவு யாவும் அந்த நாலணாவுக்குள். அதிலிருந்து பேரனுக்கென்று ஒரு காலணாவைப் பிரித்தெடுக்கப் பாட்டி எந்த வெற்றிலையை விட்டாள், எந்த வேளைக் காபியைத் தள்ளினாள் என்று குழந்தைக்குத் தெரியாது, அவள் சொல்லவுமில்லை. அறுபதுகளின் நடுவில் அரிசிக்குத் தமிழ்நாடே தவித்தது. 1967இல் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று அரசு வழங்கியது பெருஞ்செய்தியாயிற்று என்றால், அதற்கு முன்பிருந்த நிலையை ஊகித்துக்கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு. 1939 ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் முன்னின்று நடத்திய ஆலயப் பிரவேசம் வரையில், மதுரைக் குழந்தைகளுள் எத்தனையோ பேருக்குக் கோயில் என்பது கோபுரத்தின் வெளிப்புறம் மட்டுமே. 'முதலில் சாமி, பிறகு கடை' என்ற விதியே அவர்களுக்குப் பொருந்தவில்லை. கடைவீதியின் இனிப்பு எல்லா நாவிலும் ஒரே அளவாக விழவில்லை என்பதை மறைத்துவிட்டுப் பழங்காலத்தைக் கொண்டாடுவது நியாயமாகாது.

கற்களின் பக்கத்து வழக்கும் ஒன்று இருக்கிறது. சுவாமி சந்நிதியின் முன், கம்பத்தடி மண்டபத்தருகே நிற்கும் காளியின் மீதும் ஊர்த்துவ தாண்டவரின் மீதும் வெண்ணெய் உருண்டை எறிவது நெடுநாள் வழக்கம். தண்ணீர்ப் பாத்திரத்தில் மிதக்கும் சிறு உருண்டைகளைச் சில்லறைக் காசுக்கு அங்கேயே விற்பார்கள். காளியின் கோபம் தணியட்டும் என்பது பெரியவர்களின் வேண்டுதல். தன் உருண்டை காளியின் மூக்கில் ஒட்டிற்றா, தம்பியுடையது கீழே விழுந்ததா என்பது பிள்ளைகளின் போட்டி. இந்தப் போட்டிக்கு நிகரான விளையாட்டு கோயிலுக்குள் வேறில்லை. ஆண்டாண்டாக அப்பிய வெண்ணெயில் சிற்பியின் உளி செதுக்கிய நுட்பங்கள் மூழ்கிப் போயின. வெண்ணெய் எறிவது நிறுத்தப்பட்டபோது முணுமுணுத்தவர்கள்கூட, பிறகு காளியின் முகத்தைத் தெளிவாகக் கண்டு வியந்தார்கள்.

புதுமண்டபத்திலும் அதுவே நேர்ந்தது, இன்னும் பெரிய அளவில். அங்கே கல்லில் இருப்பவை சாதாரணமானவை அல்ல. மீனாட்சி திருக்கல்யாணம் இருக்கிறது. கயிலையைப் பெயர்க்க முயலும் இராவணன் இருக்கிறான். சித்தராக வந்த சொக்கநாதர், கல் யானையைக் கரும்பு தின்னச் செய்த திருவிளையாடல் இருக்கிறது. அந்த யானைக்கு அடியில் எத்தனை தலைமுறைக் கடைகள்! ஆணி அறைந்து கயிறு கட்டினார்கள். கயிற்றில் பாவாடைகளைத் தொங்கவிட்டார்கள். விளக்குப் புகை படிந்தது. பண்டிகைக்குப் பண்டிகை அந்த மண்டபத்துக்கு வந்து, ஐம்பது ஆண்டு அதே கடையில் வாங்கி, அந்த யானையை ஒருமுறைகூடக் காணாதவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கடைகளை நேசித்தவர்கள் என்பதாலேயே அவர்கள் கல்லைக் காணவில்லை.

2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு, கிழக்குக் கோபுரத்தையொட்டிய வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைப்பகுதியில் தீப்பிடித்தது. நடை சாத்தும் நேரம். துணியும் பொம்மையும் பிளாஸ்டிக்கும் அடைந்திருந்த கடைகள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பற்றின. நூற்றாண்டுகளாக நின்ற கல்தூண்கள் வெப்பத்தில் வெடித்தன. மேற்கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மறுநாள் காலை சித்திரை வீதியில் கூடி நின்றவர்களுள் பலர் அழுதார்கள். கோயிலுக்காக அழுதார்களா, கடைகளுக்காக அழுதார்களா என்று பிரித்துச் சொல்ல அவர்களாலேயே இயலாது. திருக்கோயிலுக்குள் கடைகள் வேண்டாம் என்ற முடிவு அதன்பின் உறுதிப்பட்டது. நீதிமன்றமும் அதையே சொல்லிற்று. சில ஆண்டுகளில் புதுமண்டபத்துக் கடைகளுக்கும் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்தில், மாநகராட்சி எழுப்பிய புதுக் கட்டடத்தில் மாற்றிடம் தரப்பட்டது.

அந்த முடிவு சரியானதே. அதில் வாதத்துக்கு இடமில்லை. எரிந்த மண்டபத்தை மீண்டும் எழுப்ப ஏற்ற கல்லைத் தேடி எடுத்து, செதுக்கி, ஏற்றி நிறுத்துவதற்குள் ஆண்டுகள் பல ஓடிவிட்டன. அதைக் கண்டபின் மீண்டும் தூணடியில் ஒரு மின்கம்பியை இழுக்கச் சொல்லும் துணிவு எந்தப் பக்தருக்கும் வராது. எனினும் சரியான முடிவும் வலிக்கக்கூடும். மூன்று தலைமுறையாக ஒரே தூணில் முதுகைச் சாய்த்துத் தைத்தவருக்கு, கதவும் எண்ணும் உள்ள ஓர் அறை கொடுக்கப்பட்டது. வெயிலும் மழையும் படாத அறைதான். ஆனால் கிழக்கு வாசலிலிருந்து வெளியே வரும் குழந்தையின் கண்ணில் அது படுவதில்லை. முன்பெல்லாம் வாடிக்கையாளர் கடையைத் தேடவேண்டியதில்லை. சாமி கும்பிட்டுத் திரும்பினால் கடை எதிரே நின்றது. இப்போது தேடிக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் நரைத்த தலையினர்.

புத்தகக் கடைகளின் நினைவையும் இங்கே சொல்லாமல் விடலாகாது. 'மதுரை, புதுமண்டபம்' என்ற விலாசம் பொறித்த பெரிய எழுத்து நூல்கள் தமிழ்நாட்டின் எந்த மூலைக் கிராமத்துக்கும் போய்ச் சேர்ந்தன. கண்பார்வை மங்கியவரும் மண்ணெண்ணெய் விளக்கில் படிக்கும்படியான எழுத்து. அல்லி அரசாணி மாலையும் நல்லதங்காள் கதையும் பஞ்சாங்கமும் சோதிடமும் ஒரே அடுக்கில் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பேத்தியை உட்கார வைத்து, தெரு முழுவதும் கூடிக் கேட்டுக் கண்ணீர்விட்ட இரவுகள் அந்தச் சில அணாப் புத்தகங்களால் வந்தவை. பள்ளிக்கே போகாத பாட்டிகள் அத்தனை கதைகளையும் மனப்பாடமாக வைத்திருந்தது எப்படி என்று வியப்பவர்கள், அந்தத் திண்ணைகளை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய பேரப்பிள்ளைகளுக்கு மிட்டாய்க்குக் குறைவில்லை. கமர்கட்டும் தேன்மிட்டாயும் எள்ளுருண்டையும் கண்ணாடிக் காகிதம் சுற்றி, எடையும் தேதியும் அச்சிட்டு, பெரிய கடைகளில் 'பழைய காலத்துத் தின்பண்டம்' என்ற பெயரோடு தொங்குகின்றன. ருசியில் பெரிதாகக் குறை சொல்வதற்கில்லை. ஈ மொய்க்காத சுத்தத்தைப் பாராட்டவும் வேண்டும். பொட்டலத்தில் எழுதிய எடைக்கு மேல் ஒரு மணி கடலைகூட உள்ளே இராது என்பதுதான் வேறுபாடு. வாங்கியவர் பெயரை யாரும் கேட்பதில்லை. பல் முளைத்ததா என்று விசாரிப்பதற்கு அங்கே ஆள் இல்லை.

கடைகள் விலகியபின் புதுமண்டபத்தின் வழியே கண்ணோட்டும் முதியவர்கள், தாம் சிறுவயதில் நின்ற இடத்தைத் தூணை வைத்து அடையாளம் காண முயல்கிறார்கள். முன்பு தூண் தெரியாமல் கடை தெரிந்தது. இப்போது தூண் தெரிகிறது, எது யாருடைய கடை என்பதுதான் புலப்படவில்லை. பாவாடைகளுக்கு மேலே கைகூப்பிய அந்த நாயக்கர் இப்போது தலை முதல் கால் வரை நிற்கிறார். அவர் கும்பிடுவது கடைக்காரரை அன்று, அம்மையப்பரை என்பது எழுபது ஆண்டு கழித்து ஒருவருக்கு விளங்குகிறது. கல் யானையும் அருகிலிருக்கும் கரும்பும் வெளிச்சத்துக்கு வந்துவிட்டன. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர், கதையின் காலடியிலேயே நின்று வளையலுக்குப் பேரம் பேசியிருக்கிறார்.

சித்திரை நெருங்கும் நாள்களில் குன்னத்தூர் சத்திரத்துத் தையற்கடைகளில் மட்டும் பழைய பரபரப்பு திரும்பிவிடுகிறது. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன் தைத்து முடிக்க வேண்டியவை மலைபோல் குவியும். திரியெடுத்து ஆடுவோருக்கும் ஆட்டுத்தோல் பையில் நீர் நிறைத்துப் பீய்ச்சுவோருக்கும் வண்ண உடை, குஞ்சம் தொங்கும் தலைப்பாகை, சல்லடம். கோயில்களுக்குத் தொம்பை, குடை, திரைச்சீலை. தைப்பவர்களுள் இசுலாமியரும் உண்டு. அழகருக்கு நேர்ந்துகொண்டவரின் உடைக்கு எத்தனை கெஜம் சரிகை வேண்டும், எந்த நிறத்துக்கு எந்த நிறக் கரை என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. தகப்பனிடம் கற்றுக்கொண்ட தொழில்.

அங்கே ஒரு பாட்டி, ஐந்து வயதுப் பேரனை நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறாள். குழந்தைக்கு இந்த ஆண்டு முதல் முறையாக அழகர் வேடம். காய்ச்சலில் கிடந்தபோது நேர்ந்துகொண்டது. தையற்காரர் நாடாவை மார்பில் சுற்றுகிறார். பிள்ளை கூச்சத்தில் நெளிகிறது. கூலியைக் கேட்டதும் பாட்டி திடுக்கிட்டு, அவனுடைய அப்பனுக்கு இதே உடையைப் புதுமண்டபத்தில் என்ன விலைக்குத் தைத்தாள் என்பதைச் சொல்கிறாள். "எங்க அப்பாதாம்மா தைச்சிருப்பாரு" என்கிறார் தையற்காரர், தலை நிமிராமல். பிறகு நாடாவை மடித்துவிட்டு, வெட்டி மிஞ்சிய சிவப்புத் துணியையும் ஒரு சாண் சரிகையையும் எடுத்துச் சிறிதாகச் சுருட்டிக் குழந்தையின் கையில் வைக்கிறார். பொம்மைக்கு ஒரு தலைப்பாகை ஆகும்.

பாட்டி சுருக்குப்பையை அவிழ்த்து முன்பணத்தை எண்ணி வைக்கிறாள். அடுத்த வருடத்துக்கும் ஆகிற மாதிரி கொஞ்சம் பெரிதாகவே தைக்கச் சொல்கிறாள்.